குறிப்பிட்ட டொமைன்களுக்கு மட்டும் தனி வழி: போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரில் கையால் ரூட்டிங் அமைக்க முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுப் பக்கம் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்கள் குறைவுதான். ஆனால் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி அடிக்கடி வருகிறது: எல்லா மெயிலும் வழக்கம்போல் போகட்டும், இந்த ஒன்றிரண்டு டொமைனுக்கு மட்டும் நான் சொல்லும் சர்வருக்குப் போக வேண்டும், அதற்கு என்ன செய்வது?

இந்தக் கட்டுரைக்காக ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தலைமை அலுவலகம் காரைக்குடியில், அங்கே உபுண்டு லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. தேவகோட்டைக் கிளையில் தனி மெயில் சர்வர், இரண்டுக்கும் நடுவே விபிஎன், அதாவது இணையத்தின் மேல் ஓடும் தனி இணைப்பு. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. ஆர்டர் எல்லாம் வெளிநாட்டுக் கட்டுமானக் கம்பெனிகளிடமிருந்து வருகிறது. கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள். அதன் மெயில் மட்டும் கிளவுட் சேவையில். உங்கள் ஏற்பாடு வேறாக இருக்கலாம், ஆனால் பிரச்சினைகள் பெரும்பாலும் இந்த வகைகளுக்குள் அடங்கிவிடும்.

ஒரு குறிப்பு. கட்டளை, கோப்புப் பெயர், செட்டிங் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். கோலன், சதுர அடைப்பு, அடிக்கோடு, சாய்கோடு ஆகியவை இங்கே இருப்பது போலவே இருக்கட்டும். ‘.உதாரணம்’ என்று முடியும் பெயர்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை. அந்த இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கையால் ரூட்டிங் என்றால் என்ன?

ஒரு முகவரிக்கு மெயில் அனுப்பும்போது, சர்வர் முதலில் அந்த டொமைனின் எம்எக்ஸ் பதிவை (அந்த டொமைனின் மெயிலை வாங்கும் சர்வர் எது என்ற குறிப்பு) டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் கேட்கும். 1986 முதல் இதுதான் ஏற்பாடு. பல எம்எக்ஸ் இருந்தால் எண் குறைவாக உள்ளதை முதலில் முயலும். எம்எக்ஸ்ஸே இல்லையென்றால் டொமைனின் ஐபி முகவரிக்கே நேராகப் போய்ப் பார்க்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர் தெருமுனைப் பலகையைப் பார்த்து நடப்பது போலத்தான் இது. கையால் ரூட்டிங் செய்வது, அந்தப் பலகையைப் பார்க்காதே, இந்தச் சந்தில் போ என்று நாமே கையைக் காட்டுவது. பலகையை நாளைக்கு மாற்றி எழுதினாலும் உங்கள் சர்வருக்குத் தெரியாது. நீங்கள் காட்டிய சந்திலேயே போய்க்கொண்டிருக்கும். அதனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

முதலில் கேட்க வேண்டியது: இது தேவையா?

கானாடுகாத்தான் ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். வலைத்தளத்தில் அறை பதிவு செய்யும் படிவம் இருக்கிறது. வெளியிலிருந்து யார் மெயில் போட்டாலும் ஹோட்டலுக்கு வருகிறது. படிவத்திலிருந்து போகும் மெயில் மட்டும் வருவதில்லை. திரும்பியும் வருவதில்லை, பிழைச் செய்தியும் இல்லை. இந்த இடத்தில் பலர் உடனே டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் (எந்த டொமைனுக்கு எந்த வழி என்று கையால் எழுதி வைக்கும் கோப்பு) ஒரு வரி எழுதப் போய்விடுகிறார்கள்.

காரணம் வேறு. மெயிலை கிளவுடுக்கு மாற்றியபோது எம்எக்ஸ்ஸை மாற்றிவிட்டார்கள், ஆனால் வலைத்தளம் ஓடும் சர்வரின் போஸ்ட்ஃபிக்ஸில் ‘மைடெஸ்டினேஷன்’ பட்டியலில் ஹோட்டல் டொமைன் அப்படியே நிற்கிறது. அதனால் அந்த சர்வர், இந்த டொமைன் என்னுடையது என்று நினைத்து மெயிலைத் தன்னுடைய பழைய பெட்டியிலேயே போட்டு வைக்கிறது. பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு ரீலோட் செய்தால் போதும், எம்எக்ஸ்ஸைப் பார்த்துத் தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். இதற்குக் கையால் ஒரு வரி எழுதினாலும் இப்போதைக்கு வேலை நடக்கும். கிளவுட் நிறுவனம் சர்வர் பெயரை மாற்றும் நாளில் படிவ மெயில்கள் நின்றுவிடும், அப்போது ஏன் என்று யாருக்கும் பிடிபடாது.

கையால் வழி காட்டுவது நியாயமான இடங்கள்: உள் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர், அதாவது டிஎன்எஸ்ஸில் வெளியே தெரியாதது அல்லது வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர் என்று இருப்பது, மெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடைக்காலம், எதிர்த்தரப்பு தனி போர்ட்டிலோ தனிப் பாதையிலோ மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு, எல்லா மெயிலும் ஒரு ரிலே (மெயிலை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்தும் சர்வர்) வழியாகப் போகும்போது ஒரு டொமைன் மட்டும் நேராகப் போக வேண்டிய நிலை. இதற்கு வெளியே என்றால் முதலில் டிஎன்எஸ்ஸைச் சரிசெய்யப் பாருங்கள்.

இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

இந்த விஷயத்தில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். மெயில் சர்வர் ஒரு மெயிலைப் பற்றித் தனித்தனியாக இரண்டு கேள்விகள் கேட்கிறது. இந்த மெயிலை நான் ஏற்கலாமா? ஏற்றால் எங்கே அனுப்புவது? டிரான்ஸ்போர்ட் அட்டவணை இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில். ஏற்பதை முடிவு செய்வது ‘மைநெட்வொர்க்ஸ்’ (நாம் நம்பும் ஐபிகள்), ‘ரிலே_டொமைன்ஸ்’ (வாங்கி வேறு சர்வருக்குத் தள்ளும் டொமைன்கள்), ‘மைடெஸ்டினேஷன்’ (இந்த சர்வரின் சொந்த டொமைன்கள்), கடவுச்சொல் போட்டு வருகிறவர்களுக்கான அனுமதி ஆகியவை.

அட்டவணையில் வரி எழுதிவிட்டோமே, பிறகும் ஏன் ‘ரிலே அக்சஸ் டினைட்’ என்று வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். வழி சொல்லியிருக்கிறீர்கள், கதவு திறக்கவில்லை. அந்த அவசரத்தில் ‘மைநெட்வொர்க்ஸ்’ஸில் பெரிய ஐபி வரம்பைப் போட்டுக் கதவை அகலத் திறந்துவிடாதீர்கள். யார் மெயிலையும் எங்கும் கடத்தும் திறந்த ரிலேயை ஸ்பாம் அனுப்புகிறவர்கள் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

படி 1: இப்போதைய நிலவரத்தைப் பாருங்கள்

/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ் அடைவை முழுவதுமாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் இந்தக் கட்டளை:

போஸ்ட்கான்ஃப் -என்

இயல்பு நிலையிலிருந்து நீங்கள் மாற்றிய செட்டிங்குகளை மட்டும் இது காட்டும். ‘டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ்’ ஏற்கெனவே இருக்கிறதா, ‘ரிலேஹோஸ்ட்’ (வெளியே போகும் எல்லா மெயிலையும் ஒப்படைக்கும் சர்வர்) இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாரோ அமைத்த அட்டவணை இருந்தால் அதிலேயே சேர்க்க வேண்டும். புதிதாக இன்னொரு வரி எழுதினால் பின்னால் வருவது முன்னால் உள்ளதை அமுக்கிவிடும்.

படி 2: அட்டவணை எழுதுவது

/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட் என்ற கோப்பைத் திறந்து இப்படி எழுதுங்கள்:

கிளை.உதாரணம்    எஸ்எம்டிபி:[192.168.20.5]:25
.கிளை.உதாரணம்    எஸ்எம்டிபி:[192.168.20.5]:25

இடது பக்கம் டொமைன், நடுவே இடைவெளி, வலது பக்கம் வழி. வலது பக்கத்தில் முதல் சொல் எந்த டெலிவரி முறை என்பது (எஸ்எம்டிபி என்பது சர்வர்கள் தங்களுக்குள் மெயில் பரிமாறும் முறை), கோலனுக்குப் பிறகு அடுத்து போய்ச் சேர வேண்டிய இடம், கடைசியில் போர்ட்.

சதுர அடைப்புதான் இந்த வரியின் உயிர். அடைப்பு இருந்தால், எம்எக்ஸ்ஸைத் தேடாதே, இந்த இடத்துக்கே நேராகப் போ என்று அர்த்தம். அடைப்பு இல்லாமல் ஒரு பெயரை எழுதினால், அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவு இருக்கிறதா என்று போஸ்ட்ஃபிக்ஸ் மறுபடி டிஎன்எஸ்ஸுக்குப் போகும். இருந்துவிட்டால் நீங்கள் நினைத்த சர்வருக்குப் பதிலாக வேறெங்கோ போய் நிற்கும். அடைப்பை விட்டுவிட்ட வரி பல மாதம் சரியாகவே ஓடும், யாரோ ஒரு எம்எக்ஸ் சேர்க்கும் நாள் வரை.

இன்னொன்று: அடைப்புக்குள் பெயர் எழுதும்போது அந்தப் பெயர் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெரியாது. இயல்பாக அது டிஎன்எஸ்ஸை மட்டுமே கேட்கும். ‘எஸ்எம்டிபி_ஹோஸ்ட்_லுக்கப்’ என்பதை ‘டிஎன்எஸ், நேட்டிவ்’ என்று மாற்றலாம். விபிஎன் ஐபி மாறாது என்றால் ஐபியையே எழுதிவிடுவது சுலபம்.

இரண்டாவது வரியில் முன்னால் புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். அது துணை டொமைன்களுக்கு. முதல் வரி கிளை.உதாரணம் என்ற டொமைனுக்கு மட்டும் பொருந்தும், கணக்கு.கிளை.உதாரணம் என்று வந்தால் பொருந்தாது. துணை டொமைனே உங்களிடம் இல்லையென்றால் இரண்டாவது வரி வேண்டாம்.

வலது பக்கத்தை இன்னும் மூன்று விதமாக எழுதலாம். எல்லா மெயிலும் ‘ரிலேஹோஸ்ட்’ வழியாகப் போகும் இடத்தில், ஒரு டொமைன் மட்டும் எம்எக்ஸ் பார்த்து நேராகப் போக வேண்டுமென்றால் ‘எஸ்எம்டிபி:’ என்று எழுதிக் கோலனுக்குப் பிறகு காலியாக விடுங்கள். வெறும் கோலன் மட்டும் எழுதினால் இந்த அட்டவணையே இல்லாதது போல நடந்துகொள் என்று பொருள். ஒரு டொமைனுக்கு மெயிலே போகக் கூடாது என்றால் ‘எரர்:’ என்று தொடங்கி காரணத்தை எழுதலாம்; அனுப்பியவருக்கு அந்தக் காரணத்தோடு திரும்பும்.

நட்சத்திரக் குறி எல்லா டொமைனுக்கும் பொருந்தும். அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது உங்கள் சொந்த, உள்ளூர் டொமைன்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வழி வேண்டுமென்றால் அதற்குத்தான் ‘ரிலேஹோஸ்ட்’ இருக்கிறது.

வழி இரண்டு இருந்தால் நல்லது. தேவகோட்டைக்கு விபிஎன் விழுந்தால் வேறொரு முகவரி வழியாகப் போக, போஸ்ட்ஃபிக்ஸ் 3.5 முதல் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு இரண்டு இடங்களைத் தரலாம்:

கிளை.உதாரணம்    எஸ்எம்டிபி:[192.168.20.5]:25, [198.51.100.25]:25

ஒவ்வொரு வரிக்கும் மேலே எண்குறி (#) போட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள்: யார் கேட்டது, எதற்காக, எப்போது எடுக்கலாம். மெயில் மாற்றும் இடைக்காலத்துக்கு எழுதிய வரிக்கு இது கட்டாயம்.

படி 3: அட்டவணையைச் சேர்த்து ஏற்றுவது

போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய செட்டிங் கோப்பான மெயின்.சிஎஃபில் ஒரு வரி:

டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் = ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்

பிறகு:

சுடோ போஸ்ட்மேப் /ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்
சுடோ போஸ்ட்ஃபிக்ஸ் செக்
சுடோ போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்

நீங்கள் எழுதிய கோப்பை போஸ்ட்ஃபிக்ஸ் நேராகப் படிப்பதில்லை. போஸ்ட்மேப் உருவாக்கும் தொகுப்புக் கோப்பைத்தான் படிக்கிறது. கோப்பில் எதை மாற்றினாலும் போஸ்ட்மேப் ஓட்டாவிட்டால் பழையதே நடக்கும். சில புதிய லினக்ஸ் பதிப்புகளில் ‘ஹேஷ்’ வகை கிடையாது, ‘எல்எம்டிபி’ (lmdb) இருக்கும். உங்கள் சர்வரில் எது உண்டு என்பதை ‘போஸ்ட்கான்ஃப் -எம்’ சொல்லிவிடும்.

படி 4: சோதிப்பது

உண்மையான மெயில் அனுப்பும் முன் அட்டவணையைக் கேளுங்கள்:

போஸ்ட்மேப் -க்யூ கிளை.உதாரணம் ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்

நீங்கள் எழுதிய வலது பக்கம் அப்படியே வர வேண்டும். ஒன்றும் வராவிட்டால் எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது போஸ்ட்மேப் ஓட்ட மறந்திருப்பீர்கள். இந்தக் கட்டளை கொடுத்த சொல்லை மட்டும் அப்படியே தேடும். துணை டொமைனைக் கொடுத்தால் புள்ளி வரியைத் தேடிப் போகாது. முழு வழியையும் சோதிக்க இதைப் பயன்படுத்துங்கள் (‘பிவி’ என்பது bv):

சென்ட்மெயில் -பிவி கணக்கு@கிளை.உதாரணம்

இது மெயில் எதையும் கொண்டுசேர்க்காது. எதிர் சர்வர் வரை போய், இந்த முகவரியை ஏற்பாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, நடந்ததை உங்கள் பெட்டிக்கு அறிக்கையாக அனுப்பும். அலுவலக நேரத்திலும் தைரியமாகச் செய்யலாம்.

அப்புறம் ஒரு நிஜ மெயில் அனுப்பி லாகைப் பாருங்கள். உபுண்டுவில் /வார்/லாக்/மெயில்.லாக், ரெட் ஹேட் வகையில் /வார்/லாக்/மெயில்லாக். வரி இப்படி இருக்கும்:

டு=<கணக்கு@கிளை.உதாரணம்>, ரிலே=192.168.20.5[192.168.20.5]:25, டிலே=0.42, டிலேஸ்=0.05/0.01/0.2/0.16, டிஎஸ்என்=2.0.0, ஸ்டேட்டஸ்=சென்ட்

முதலில் ‘ரிலே’யைப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஐபியும் போர்ட்டும் அங்கே இல்லையென்றால், ஸ்டேட்டஸ் என்னவாக இருந்தாலும் ரூட்டிங் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மெயில் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அது பழைய வழியில் போயிருக்கிறது.

அடுத்து ‘டிலேஸ்’ஸில் உள்ள நான்கு எண்கள். முதலாவது, வரிசைக்கு வரும் முன் கழிந்த விநாடி. இரண்டாவது வரிசையில் காத்திருந்தது. மூன்றாவது எதிர் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்த எடுத்தது. நான்காவது மெயிலை அனுப்ப எடுத்தது. தேவகோட்டை மெயில் மட்டும் மெதுவாகப் போகிறது என்று புகார் வந்தால் இந்த வரிதான் பதில் சொல்லும். மூன்றாவது எண் பெரிதாக இருந்தால் விபிஎன்னையோ அங்குள்ள சர்வரையோ பாருங்கள். இரண்டாவது பெரிதாக இருந்தால் சிக்கல் உங்கள் வரிசையிலேயே இருக்கிறது.

படி 5: வெளியிலிருந்து வரும் மெயிலைக் கிளைக்குத் தள்ளுவது

இதுவரை பார்த்தது காரைக்குடியிலிருந்து போகும் மெயில். கிளை டொமைனின் எம்எக்ஸ் காரைக்குடி சர்வராக இருந்து, அங்கே வந்ததைத் தேவகோட்டைக்குத் தள்ள வேண்டுமானால் முதல் கேள்வி வருகிறது: ஏற்கலாமா? மெயின்.சிஎஃபில்:

ரிலே_டொமைன்ஸ் = கிளை.உதாரணம்

அட்டவணையில் ‘எஸ்எம்டிபி:’ என்ற இடத்தில் ‘ரிலே:’ என்று எழுதுங்கள். இரண்டும் வேலையில் ஒன்றுதான், ஆனால் வரிசையில் தனித்தனி. வெளியே போகும் மெயில் தேங்கினாலும் கிளைக்குப் போவது அதில் சிக்கிக்கொள்ளாது. அதே டொமைன் ‘மைடெஸ்டினேஷன்’ பட்டியலில் இருக்கவே கூடாது. இருந்தால், ‘யூசர் அன்நோன் இன் லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்’ என்று வாசலிலேயே திருப்பிவிடும். அட்டவணை வரைக்கும் மெயில் போகாது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். கிளையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது காரைக்குடி சர்வருக்குத் தெரியாது. அதனால் கற்பனை முகவரிக்கு வரும் ஸ்பாமையும் ஏற்றுக்கொள்ளும். தேவகோட்டை சர்வர் மறுத்ததும், அனுப்பியதாகச் சொல்லப்பட்ட யாரோ ஒரு அப்பாவிக்குத் திருப்பி அனுப்பும். இப்படியே போனால் உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். ‘ரிலே_ரெசிபியன்ட்_மேப்ஸ்’ஸில் கிளையின் சரியான முகவரிகளை எழுதிக் கொடுங்கள். பத்து இருபது பேர் உள்ள கிளைக்கு அது பெரிய வேலை இல்லை. ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்றால் ‘ரிஜெக்ட்_அன்வெரிஃபைட்_ரெசிபியன்ட்’ போடலாம். அது ஏற்பதற்கு முன் கிளை சர்வரையே கேட்டுக்கொள்ளும்.

தேவகோட்டைப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. அங்கே வரும் எல்லா மெயிலும் காரைக்குடி ஐபியிலிருந்து வருவதால், அங்கே எஸ்பிஎஃப் சோதனை (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைன் அனுமதி தந்திருக்கிறதா என்று பார்ப்பது) வைத்திருந்தால் நல்ல மெயிலும் தோற்கும். எஸ்பிஎஃப், ஸ்பாம் சோதனை இரண்டையும் காரைக்குடியிலேயே முடித்துவிட்டு, அந்த ஒரு ஐபிக்கு மட்டும் தேவகோட்டையில் விலக்கு கொடுங்கள்.

தேவகோட்டையில் கரண்ட் போனால்? மெயில் காரைக்குடி வரிசையில் காத்திருக்கும். வரிசை வட்டில் இருப்பதால் இங்கே சர்வரை அணைத்துப் போட்டாலும் போகாது. முதலில் சுமார் 5 நிமிட இடைவெளியில் முயன்று, போகப் போக இடைவெளியைக் கூட்டி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை கொண்டுபோகும். இயல்பாக 5 நாள் வரை முயலும், பிறகு அனுப்பியவருக்குத் திருப்பும். “அண்ணே, கரண்ட் வந்து ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் மெயில் வரலையே” என்று கிளையிலிருந்து போன் வருவது இந்த இடைவெளியால்தான். ‘சுடோ போஸ்ட்க்யூ -எஃப்’ என்று அடித்தால் வரிசை முழுவதையும் அப்போதே முயலும்.

படி 6: கடவுச்சொல் கேட்கும் வழிகள்

பல இணைய இணைப்புகளில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது ரிலே சேவை ஒன்றுக்கு 587 வழியாகப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் போக வேண்டும். ஆத்தங்குடிப் பட்டறையின் வெளிநாட்டு வாடிக்கையாளர் டொமைனை மட்டும் அந்த வழியில் விடுவதாக வைத்துக்கொள்வோம்:

வாங்குபவர்.உதாரணம்    எஸ்எம்டிபி:[ரிலே.உதாரணம்]:587

கடவுச்சொல் கோப்பில்:

[ரிலே.உதாரணம்]:587    பயனர்:கடவுச்சொல்

இரண்டு இடத்திலும் அடைப்பும் போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அடைப்பு ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால், போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லே கிடைக்கவில்லை என்று எண்ணி, கொடுக்காமலே போய் நிற்கும், எதிர்த்தரப்பு மறுக்கும். பெரும்பாலும் கடவுச்சொல் தவறு என்று நினைத்து அதையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். முதலில் அடைப்பைப் பாருங்கள்.

மெயின்.சிஎஃபில் ‘எஸ்எம்டிபி_சாசல்_ஆத்_எனேபிள் = யெஸ்’ என்றும், ‘எஸ்எம்டிபி_சாசல்_பாஸ்வர்ட்_மேப்ஸ்’ஸில் கோப்பின் இடத்தையும் கொடுங்கள். ‘எஸ்எம்டிபி_சாசல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ்’ இயல்பு நிலையில் சாதாரண எழுத்துக் கடவுச்சொல் முறையை மறுக்கும். அதை ‘நோஅனானிமஸ்’ என்று மட்டும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாமல் மெயில் போகவே கூடாது. ‘எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_பாலிசி_மேப்ஸ்’ அட்டவணையில் அதே சாவியை, அதே அடைப்போடு எழுதி, எதிரே ‘என்க்ரிப்ட்’ என்று போடுங்கள். கடவுச்சொல் கோப்புக்கும் போஸ்ட்மேப் ஓட்டி, அந்தக் கோப்பு, அதிலிருந்து உருவாகும் தொகுப்புக் கோப்பு இரண்டுக்கும் அனுமதியை 600 ஆக்குங்கள்.

ஒரு டொமைனுக்கு மட்டும் நிதானமாக அனுப்ப

தீபாவளி நேரத்தில் ஹோட்டல் சலுகை மெயில் பழைய விருந்தினர்களுக்கெல்லாம் போகும். சில பெரிய மெயில் சேவைகள் ஒரே ஐபியிலிருந்து வேகமாக வந்தால் தற்காலிகமாக மறுக்கும். அந்த டொமைனுக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கலாம். மாஸ்டர்.சிஎஃபில் ‘எஸ்எம்டிபி யூனிக்ஸ்’ என்று தொடங்கும் வரியை நகலெடுத்து, முதல் சொல்லை ‘ஸ்லோ’ என்று மாற்றுங்கள். மெயின்.சிஎஃபில்:

ஸ்லோ_டெஸ்டினேஷன்_ரேட்_டிலே = 2எஸ்

டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் அந்த டொமைனுக்கு ‘ஸ்லோ:’ என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு டெலிவரிக்கும் நடுவே 2 விநாடி விடும். ‘ஸ்லோ_டெஸ்டினேஷன்_ரெசிபியன்ட்_லிமிட்’டை 1 ஆக்கிவிடாதீர்கள். ஆக்கினால் இடைவெளி டொமைனுக்கு என்று இல்லாமல் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி என்றாகி, நோக்கமே போய்விடும்.

வழி மாறினால் ஐபியும் மாறுகிறது

ஒரு டொமைனுக்கு மெயில் வேறு ரிலே வழியாகப் போனால், வாங்குகிறவர் பார்ப்பது அந்த ரிலேயின் ஐபி. உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் அது இல்லையென்றால் மெயில் ஸ்பாமுக்குப் போகும், அல்லது திரும்பும். அட்டவணையில் வரி எழுதும் அன்றே எஸ்பிஎஃப்பிலும் சேர்த்துவிடுங்கள். எஸ்பிஎஃப் சரிபார்க்கும்போது 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. ஏற்கெனவே நாலைந்து சேவைகள் அதில் இருந்தால் எண்ணிப் பாருங்கள். டிகேஐஎம் கையெழுத்து (மெயில் நடுவில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) உங்கள் சர்வரிலேயே போடப்பட்டால் வழி மாறியதால் அதற்கு ஒன்றும் ஆகாது. நடுவில் உள்ள ரிலே அடிக்குறிப்பு ஏதும் ஒட்டாத வரை.

அனுப்புகிறவரைப் பொறுத்து வழி மாற வேண்டும் என்றால், அதாவது ஹோட்டல் முகவரியிலிருந்து போவது ஒரு வழி, பட்டறை முகவரியிலிருந்து போவது இன்னொரு வழி என்றால், இந்த அட்டவணை உதவாது. இது பெறுகிறவரை மட்டுமே பார்க்கும். அதற்கு ‘சென்டர்_டிபென்டன்ட்_ரிலேஹோஸ்ட்_மேப்ஸ்’ இருக்கிறது. இரண்டும் மோதினால் டிரான்ஸ்போர்ட் அட்டவணைதான் ஜெயிக்கும்.

சுற்றிச் சுற்றி வரும் மெயில்

‘லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்’ என்று லாகில் வந்தால், நீங்கள் காட்டிய வழி இதே சர்வருக்கே வந்து நிற்கிறது என்று பொருள். அடைப்பு விட்டுப்போய் எம்எக்ஸ் உங்கள் சர்வரையே காட்டுவதுதான் வழக்கமான காரணம். ‘டூ மெனி ஹாப்ஸ்’ என்று வந்தால் இரண்டு சர்வர்கள் ஒன்றை ஒன்று காட்டிக்கொண்டிருக்கின்றன: காரைக்குடி தேவகோட்டையைக் காட்டுகிறது, தேவகோட்டையில் கிளை டொமைன் அதன் ‘மைடெஸ்டினேஷன்’னில் இல்லாததால் அது எம்எக்ஸ் பார்த்து மறுபடி காரைக்குடிக்கே அனுப்புகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 50 தாவலுக்குப் பிறகு கைவிடும். மெயிலின் தலைப்பில் ‘ரிசீவ்ட்’ வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் எங்கே திரும்புகிறது என்று அப்படியே தெரியும்.

தமிழ் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு

‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் டொமைனுக்கு ரூட்டிங் எழுதும்போது ஒரு கூடுதல் கவனம் வேண்டும். அந்த டொமைனுக்கு இரண்டு வடிவம் உண்டு: தமிழ் எழுத்து வடிவம், ‘எக்ஸ்என்--’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவம். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் தமிழ் முகவரிகளைக் கையாளும், ஆனால் அட்டவணையில் தேடும்போது ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றிப் பார்க்காது. மெயில் எந்த வடிவத்தில் வந்ததோ அதையே தேடும். அதனால் இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். ‘ரிலே_டொமைன்ஸ்’, ‘மைடெஸ்டினேஷன்’ ஆகியவற்றிலும் அப்படியே.

எக்ஸிம் வைத்திருந்தால்

டெபியன் லினக்ஸிலும், சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள் வைத்த ஹோஸ்டிங்கிலும் எக்ஸிம் என்ற வேறொரு மெயில் சர்வர் மென்பொருள் இருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் தொடங்கியது. அதில் கையால் வழி காட்டும் வேலைக்கென்றே ‘மேனுவல்ரூட்’ என்ற டிரைவர் உண்டு. டெபியனில் அதை நேராகத் தொட வேண்டியதில்லை. /ஈடிசி/எக்ஸிம்4/ஹப்ட்_ஹோஸ்ட்ஸ் (hubbed_hosts) கோப்பில் இப்படி ஒரு வரி போதும்:

கிளை.உதாரணம்: 192.168.20.5

போஸ்ட்ஃபிக்ஸ் பழகியவர்கள் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். இங்கே அடைப்பு கிடையாது. எழுதிய பெயருக்கே நேராகப் போவதுதான் இயல்பு. எம்எக்ஸ் பார்க்க வேண்டுமென்றால்தான் பெயருக்குப் பின் ‘/எம்எக்ஸ்’ சேர்க்க வேண்டும். போர்ட் எழுத ஒரு கோலன் போதாது, இரண்டு கோலன் வேண்டும். ஒற்றைக் கோலன் அடுத்த சர்வரைப் பிரிக்கும் குறி. ஏற்கலாமா என்ற கேள்விக்கு இங்கேயும் தனி இடம்: டெபியன் அமைப்பில் ‘டிசி_ரிலே_டொமைன்ஸ்’. சோதிக்க ‘எக்ஸிம் -பிடி’ (bt) என்று எழுதி முகவரியைக் கொடுங்கள். எந்த ரூட்டர் பிடித்தது, எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லிவிடும்.

வரியை எடுக்கும்போது

கிளை சர்வரை மூடிவிட்டு அதன் டொமைனையும் கிளவுடுக்கு மாற்றுகிறீர்கள் என்றால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் எம்எக்ஸை மாற்றி, பழைய பதிவின் டிடிஎல் காலம் (மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) கழியும் வரை பொறுத்திருங்கள். அதுவரை வரி நிற்கட்டும், தேவகோட்டை சர்வரும் ஓடட்டும். அப்புறம் டிரான்ஸ்போர்ட், ரிலே டொமைன், ரெசிபியன்ட் பட்டியல், கடவுச்சொல், டிஎல்எஸ் அட்டவணை எல்லாவற்றிலும் அந்தப் பெயரைத் தேடி எடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் போஸ்ட்மேப் ஓட்டி ரீலோட் செய்யுங்கள். ‘போஸ்ட்மேப் -க்யூ’ கேட்டால் பதில் வராமல் இருக்க வேண்டும். அதன் பிறகு ‘போஸ்ட்க்யூ -பி’ (p) பார்த்து, பழைய வழிக்காகக் காத்திருக்கும் மெயில் ஏதும் இருந்தால் ‘போஸ்ட்க்யூ -எஃப்’ கொடுங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் போஸ்ட்ஃபிக்ஸ் வழியைப் புதிதாகக் கேட்பதால், அவை கிளவுடுக்கே போகும். லாகில் ‘ரிலே’ இடத்தில் கிளவுட் சர்வரின் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு தேவகோட்டை சர்வரை அணைக்கலாம்.